வீட்டுக்கு ஒரு ஐடி

ஜூலை 7, ஞாயிறு

இன்றிலிருந்து எழுதுகிறேன். வக்கீல் பத்மாவதி அம்மாவின் உத்தரவு. "எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைங்க கோகிலா. வேற யாராவது படிச்சாலும் புரியோணும்" என்றார். அதனால் புரியும்படி ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்து நான்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, தையல் விட்டது, எதுவாக இருந்தாலும் என் கண்ணைத் தாண்டி ஒரு பீஸ் போகாது. தாராபுரத்தில் கோழித் தீவனக் கடை வைத்திருக்கும் மோகன்ராஜ் என் வீட்டுக்காரர். அந்த வீட்டை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏன் வந்தேன் என்பதை வக்கீலிடம் ஒருமுறை சொல்லியாயிற்று. இன்னொரு முறை எழுத எனக்கு இஷ்டமில்லை.

மகள் தன்ஷிகா, மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மாற வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி அவளை அங்கேயே விட்டார்கள். ஞாயிறு எனக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்கு மாமியார் கூட்டிக்கொண்டு வருவார், நாலு மணிக்குத் திரும்ப அழைத்துப் போவார். இரண்டு வருடமும் அப்படித்தான் நடந்தது. இப்போது வீட்டுக்காரர் விவாகரத்துக்கும் குழந்தைக்கும் மனு போட்டிருக்கிறார். அதில், "எதிர்மனுதாரர் குழந்தையை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறது. ஒருமுறைகூட! அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வாய்தா. வாரக் கடைசியில் பிள்ளை என்னோடு இருக்கலாமா கூடாதா என்று அன்றைக்குத் தெரியும். என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஞாயிறுதோறும் தன்ஷியின் பள்ளி டைரியில் பெற்றோர் கையெழுத்துப் போடுவது நான்தான். போட்டதும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுப்பேன். வாரம் முழுக்க அவள் எழுதிய நோட்டுகளையும் எடுப்பேன். ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்து, எந்தக் கணக்குத் தப்பு, எந்த இடத்தில் 'ற'வுக்குப் பதில் 'ர' போட்டிருக்கிறாள் என்று குறித்து வைத்து அடுத்த வாரம் சொல்லிக்கொடுப்பேன். டைரியை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். படம் என்னிடம் இருக்கிறது.

மனு போட்டதிலிருந்து பிள்ளையைக் காட்டுவதில்லை. இன்றும் போனேன். சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். வெயில் அதிகம். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

போன் ஆமையாக நகர்கிறது. அது 2018இல் வாங்கியது. படத்தைத் திறந்தால் டீ குடித்து முடிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேலை முடிந்து ஷகிலா பானு அக்காவின் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஐம்பது வயதுப் பெண் போன் கழற்றுவதைப் பார்த்து நம்பாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அவர் மேல்தான் நம்பிக்கை.

"இடம் சுத்தமா ரொம்பிருச்சும்மா. உள்ள இருக்கறதையெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டு ஒரு ரீசெட் போட்டாத்தான் இது மனுசனாகும்."

"ரீசெட்டெல்லாம் வேண்டாங்க்கா. இதுல என்ர புள்ள இருக்குது."

"நோட்டுப் படமாத்தான இருக்குது? ஆயிரத்துக்கு மேல இருக்கும் போல. இதையாச்சும் அழிக்கலாமில்ல?"

அக்கா தெரியாமல்தான் கேட்டார். இருந்தாலும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். இடம் இல்லாமல் போன பிறகும் படம் எடுக்க முடிந்தது எப்படி என்று கேட்டார். போன வருடம் அதுவே "இடம் காலி செய்யவா?" என்று கேட்டது, நானும் சரி என்று அழுத்தினேன், படமெல்லாம் அப்படியே தெரிகிறது, அதனால் நல்லது என்று விட்டுவிட்டேன். அக்கா ஏதோ சொல்ல வாய் திறந்தார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஜூலை 9, செவ்வாய்

2022 ஜூன் மாதத்தில் மூன்று ஞாயிறின் படங்களைக் காணோம். பழைய போன், அப்படித்தான் இருக்கும்.

ஜூலை 11, வியாழன்

அந்த வருடத்து ஜூலை, ஆகஸ்ட் படங்களும் போய்விட்டன. இது ஒரு பக்கம் என்றால், நான் எடுக்காத படமெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். ஒரு வண்டியின் நம்பர் பிளேட். அடுக்கி வைத்த கோழித் தீவன மூட்டை. யாரோ தீவனம் விற்கிறவருடைய போனிலிருந்து வைரஸ் ஒட்டிக்கொண்டது போல. கோழித் தீவனக் கடை இந்த ஜில்லாவில் ஒன்றா இரண்டா?

ஒன்றரை ஷிப்ட் பார்த்த களைப்பு. தூங்க வேண்டும்.

ஜூலை 13, சனி

காலையில் இட்லியை வைத்துக்கொண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 நவம்பர். தன்ஷி முதல் முறையாகத் தன் பெயரை முழுதாகத் தமிழில் எழுதிய பக்கம். கண் முன்னாலேயே போய்விட்டது. நான் தொடவில்லை. ஒரு கையில் இட்லி, இன்னொரு கை மடியில் இருந்தது. அடுத்த படம் போனது. அதற்கடுத்ததும் போனது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுகிற மாதிரி இருந்தது.

போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். அது தண்ணீரில் விழுந்த போனுக்குச் செய்வது என்று தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பூங்காவில் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு நேராக வீட்டுக்கே போனேன். மாமியார் கதவைப் பாதி திறந்தார்.

"அம்மிணி தூங்கறா. எழுப்ப முடியாது."

"எட்டு வயசுப் புள்ள மத்தியானம் பன்னண்டு மணிக்குத் தூங்குதுங்களா? ஒடம்பு சரியில்லீங்களா?"

உள்ளே டிவியில் பொம்மைப் படம் ஓடும் சத்தம் கேட்டது. யார் பார்க்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் வீட்டுக்காரர் வெளியே வந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வந்தார்.

"கோர்ட்டுல பேசிக்கலாம் போ. வாராவாரம் வந்தன்னு சொல்றியாமே. ஒரே ஒரு போட்டோ இருந்தாக் காட்டு பாப்போம்."

பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தச் சிரிப்புத்தான். போட்டோவைப் பற்றி நான் வக்கீலைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சரி, ஊரில் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், பொதுவாகச் சொல்லியிருப்பார்.

ஜூலை 15, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷகிலா அக்கா கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் செய்தது, நெட்டை அணைத்ததுதான். பிறகு படங்கள் இருக்கும் இடத்தில் மேல் ஓரத்து வட்டத்தைத் தொட்டார். அதில் எம் என்று ஓர் எழுத்து இருக்கும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன். போன் கம்பெனியின் முத்திரை என்று நினைத்திருந்தேன்.

"இந்த ஐடி யாருதும்மா? மோகன்ராஜ்னு வருது."

"அவருதுங்க. வாங்கறப்ப கடைக்காரன் எனக்குத் தனியாப் போடட்டுமான்னு கேட்டான். இவருதான், வீட்டுக்கு ஒரு ஐடி போதும், ரேசன் கார்டு மாதிரின்னு சொல்லிப் போட்டாரு."

அக்கா கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் இடம் காலி செய்தபோது படங்கள் போனிலிருந்து போய்விட்டன. அவை இருந்தது அந்த ஐடியில். அவர் இப்போது தன்னுடைய போனில் அதே ஐடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறாக அழிக்கிறார். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும்.

எனக்குத் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே தெரிந்திருந்தது. ஆயிரம் பீஸில் ஒரு நூல் பிரிந்ததைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாதா? கட்டிய புருஷன் இதைச் செய்வார் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதிவிட்டேன்.

"அழிச்சது எல்லாம் அறுபது நாள் குப்பைத் தொட்டீல கெடக்கும். மீட்டுறலாம். ஆனா அதுக்கு நெட்டு வேணும். நெட்டுப் போட்டா அவரு அங்கிருந்தே இந்தப் போனையே மொத்தமாத் தொடச்சுப் போடலாம். ஐடி அவருது, அவரு நெனச்சா ரீசெட் போட்டுருவாரு."

"மெமரி கார்டுல எடுத்து வெச்சா?"

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்பது அம்பதா எறக்கி, கார்டைக் கழட்டிக் கழட்டி வெச்சுக்கலாம். புதன்கெழம மத்தியானம் வாம்மா. அன்னிக்குக் கடைல கூட்டமிருக்காது."

ஜூலை 17, புதன்

கடை வைஃபையைப் போட்டு ஆரம்பித்தோம். இந்த இரண்டு நாளில் மீதி ஞாயிறுகளையும் அவர் அழித்து முடித்திருந்தார். குப்பையிலிருந்து மீட்பது என் வேலை. கார்டில் இறக்கிக் கழற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அக்காவின் வேலை. முதல் பத்து ஞாயிறு வந்தது. பதினொன்று, பன்னிரண்டு. என் கையெழுத்தும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. பதினான்காவது ஞாயிறு இறங்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

எடுக்காதே என்று அக்கா தலையாட்டினார். நான் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீட்டுக்கொண்டே பேசினேன்.

"என்னடி பண்ணீட்டு இருக்கற?"

"புள்ள நோட்டுத் திருத்தீட்டிருக்கறனுங்க."

"விளையாடறியா? போனைக் கீழ வைடி."

"ஏனுங்க, நான் போன்ல என்ன பண்றன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உடனே போன் கட் ஆனது. ஒரு நிமிடத்தில் குப்பைத் தொட்டி வெறுமையாகிவிட்டது. மொத்தமாகக் காலி செய்துவிட்டார். தொண்ணூற்று மூன்று ஞாயிறில் என் கைக்கு வந்தது பதினான்கு.

நான் அங்கேயே கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை. அவள் 'தன்ஷிகா' என்று எழுதிய பக்கம் அந்தப் பதினான்கில் இல்லை.

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோகிலா, அழுவறத அப்பறம் அழுவலாம். இங்க வந்து பாரு. இது யாரு எடுத்தது?"

நான் வைரஸ் என்று நினைத்த படங்கள். தீவன மூட்டை, நம்பர் பிளேட், ரோஜாப்பூ. அவர் என்னுடையதை அழிக்க அந்த ஐடியைத் திறந்தபோது, அவருடைய போனில் இருக்கும் படங்கள் எல்லாம் தானாகவே அதே ஐடியில் ஏற ஆரம்பித்திருக்கின்றன. ஏறி, என் போனுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அவருக்கு அது தெரியவில்லை. அக்கா விரலால் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். மூட்டை. கோழி. மூட்டை. பிறகு நான்.

ரோட்டுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தது. பூங்கா வாசலில் நான் தன்ஷிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறேன். அடுத்தது, அவள் மடியில் நோட்டு, நான் பென்சில் சீவுகிறேன். ஒரு ஞாயிறு பச்சைச் சேலை, ஒரு ஞாயிறு நீலச் சேலை. மழையில் இரண்டு பேரும் ஒரே குடையில் ஒண்டி நிற்கிறோம். எல்லாம் மரத்துக்குப் பின்னால் நின்று, டீக்கடைக்குள் நின்று எடுத்தவை. நான் யாரோடு வருகிறேன் என்று பார்ப்பதற்காக இரண்டு வருடம் ஞாயிறுதோறும் வந்து நின்றிருக்கிறார். யாரும் வரவில்லை. நான் மட்டும்தான் வந்தேன், ஒவ்வொரு வாரமும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. "எறக்குங்க அக்கா" என்றேன். "ஒண்ணு விடாம எறக்குங்க."

கடைசிப் படம் இறங்கும்வரை அவர் என் போனைத் துடைக்கவில்லை. குப்பையைக் கொட்டியதே போதும் என்று நினைத்திருப்பார். அவருக்கு எப்போதும் என்னைப் பற்றிக் குறைவாகத்தான் நினைப்பு.

ஜூலை 20, சனி

வக்கீல் அம்மா படங்களை மேசையில் பரப்பி ரொம்ப நேரம் பார்த்தார். என் பதினான்கு, வீட்டுக்காரருடைய அறுபத்தெட்டு.

"தேதியை மாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஒரே வாரத்துல பத்துச் சேலை மாத்தி எடுத்ததுன்னு சொல்லுவாங்க. அவர் எடுத்ததுன்னு அவரே ஒத்துக்கவா போறார்?"

"புள்ளயோட பல்லைப் பாருங்கம்மா. விழுந்து மொளச்சிருக்குது. அதையும் ஒரே வாரத்துல மாத்த முடியுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார், "எந்த ஞாயிறாவது நீங்க போகாம இருந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

மூன்று முறை என்றேன். ஷிப்ட் இருந்தது.

அவர் ஒரு படத்தை என் பக்கம் தள்ளினார். 2023 பிப்ரவரி. அந்த மூன்றில் ஒன்று. பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். முந்தானையால் முகத்தை மூடியிருக்கிறேன். மடியில் தன்ஷிக்கு வாங்கிய பன் பொட்டலம்.

ஷிப்ட் இல்லை. போயிருந்தேன். முந்தின ஞாயிறு பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்டக்டர்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். மறுபடி அதைப் பார்க்கத் திராணி இல்லாமல் இரண்டு மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இருநூறு அடி தூரத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். அதைச் செய்தவள் நான்தான்.

அதை வீட்டுக்காரர் எதிரே நின்று படம் எடுத்திருக்கிறார். கிட்டே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதைக் கோர்ட்ல குடுக்கலாம், நல்லா நிக்கும்" என்றார் வக்கீல் அம்மா.

"குடுக்க வேண்டாமுங்க. அது என்னோடது."

ஜூலை 28, ஞாயிறு

போனேன். காட்டவில்லை. ஐந்து மணி வரை வாசலில் நின்றேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரருடைய வக்கீல் எழுந்து, தாய் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வரவில்லை என்று ஆரம்பித்தார். பத்மாவதி அம்மா படங்களைக் கொடுத்தார். ஜட்ஜ் ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஐயா, இதெல்லாம் மனுப் போட்டதுக்கப்புறம் ஜோடிச்சது" என்றார் அந்த வக்கீல். "யாரையோ விட்டு எடுத்து, தேதியை மாத்திக் கொண்டாந்திருக்காங்க."

படங்கள் அந்த வக்கீல் கைக்கு அப்போதுதான் வந்தன. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது எனக்குத் தெரிந்தது. அந்த முகம் எனக்கு ஒன்பது வருடப் பழக்கம். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அது வரட்டும் என்று காத்திருந்தேன்.

"திருட்டுச் சிறுக்கி!" என்று எழுந்துவிட்டார். அவருடைய வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். நிற்கவில்லை. "ஐயா, இதெல்லாம் என்ர போன்ல இருக்கற போட்டோங்க. வாராவாரம் நானே நின்னு எடுத்ததுங்க. இவ திருடிக்கொண்டாந்து எனக்கே காட்டறா!"

ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "வாராவாரம் நீங்களே எடுத்தீங்களா?"

"ஆமாங்க ஐயா!"

"இந்த அம்மாவை, குழந்தையோட?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவருடைய வக்கீல் கோப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜட்ஜ் ஐயா குனிந்து எழுதினார். அடுத்த வாய்தா வரை வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை குழந்தை தாயிடம். முழுப் பொறுப்பு யாருக்கு என்பதைப் பிறகு பார்க்கலாமாம். பார்க்கட்டும், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கார்டு வக்கீலிடம் சீல் வைத்து இருக்கிறது, நகல் கோர்ட்டில் இருக்கிறது. இனி அந்த ஐடி என் போனில் இருக்க வேண்டியதில்லை என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். ஷகிலா அக்கா முறையைச் சொன்னார். முதலில் ஐடியைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ரீசெட். மாற்றிச் செய்தால் திரும்ப எழும்போது அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டு அடம் பிடிக்குமாம்.

நானே செய்தேன். ஐடியை நீக்கவா என்றது. நீக்கு. எல்லாம் அழிந்துவிடும், திரும்ப வராது என்றது. அழி. பத்து நிமிடம் கறுப்பாகக் கிடந்து எழுந்தது. புது ஐடிக்குப் பெயர் கேட்டது. கோகிலவாணி என்று அடித்தேன். பின்னால் இன்னொரு பெயருக்கு இடம் விட்டிருந்தது. அப்பா பெயரும் போடவில்லை, அவர் பெயரும் போடவில்லை. காலியாக விட்டு அழுத்தினேன். போன் ஏற்றுக்கொண்டது. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றினோம். நம்பர்கள், என் பதினான்கு ஞாயிறு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு படம்.

ஆறரை மணிப் பஸ்ஸில் தாராபுரம் போய்ப் பிள்ளையை அழைத்து வந்தேன். வழியெல்லாம் என் வளையலை எண்ணிக்கொண்டே வந்தாள். இப்போது என் பக்கத்தில் குறுக்கே படுத்து, முழுப் பாயையும் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன். பூங்கா வாசலில் மாமியார் இன்னும் வந்திருக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரத்தில் அவர். கையில் போன் எங்களைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. இரண்டு வருடம் இதே இடத்தில் என் கண்ணில் படாமல் நின்றவர்தான். இன்று நான் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தேன்.

தன்ஷியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். டீக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்தடி தள்ளி, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றேன்.

"இங்கிருந்து எடுங்க, நல்லாத் தெரியும். தேதியும் விழற மாதிரி எடுங்க. அடுத்த வாய்தாவுக்கு வேணும்."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

"அப்பா, அப்பா, இருங்க" என்றாள் தன்ஷி. சடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இப்ப எடுங்க."